மூன்று மில்லிமீட்டரும் ஒரு பாட்டில் தண்ணீரும்

போன செமஸ்டர் லீவில் பெரியப்பாவுக்குத் துணையாக ஒரு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அவருக்கு ப்ராஸ்டேட் கேன்சர். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டதால் ரேடியேஷன் கொடுத்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மொத்தம் 20 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை. எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

எட்டாவது நாள் என்று நினைக்கிறேன். உள்ளே போன பெரியப்பா கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டார்.

"என்னாச்சு பெரியப்பா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"எங்க கண்ணு முடிஞ்சுது. ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு எறங்கச் சொல்லிட்டாங்க. பாத்ரூம் போயிட்டு, தண்ணி குடிச்சிட்டு, அப்புறமா வரணுமாம். நேத்துக் குளிக்கறப்ப இடுப்புல போட்ட மைக்கோடு லேசா அழிஞ்சிருச்சு. அதனாலதான் இப்படிப் பண்றாங்களோ என்னமோ."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பஸ் போய்விட்டது. அவருக்குக் கோபம். "இத்தனை கோடி ரூவா மிஷினு. என் வயித்துல தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நீ இன்ஜினியருக்குத்தான படிக்கற, நீயே சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தும், பதில் தெரியாமல் பேந்தப் பேந்த முழித்தேன். அதற்கப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மெடிக்கல் விஷயமாச்சே என்று பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். நீங்கள் செகண்ட் இயரில் மெட்ராலஜி லேபில் படித்ததுதான் இது முழுக்க.

ஆடாமல் படுத்தாலும் ஆடுகிற உறுப்பு

ப்ராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சுரப்பி. தமிழில் முன்னிற்கும் சுரப்பி என்று எழுதுகிறார்கள். நான் ப்ராஸ்டேட் என்றே சொல்லிவிடுகிறேன். அளவில் ஒரு வால்நட் மாதிரி, வயதானவர்களுக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. மேலே சிறுநீர்ப்பை. பின்னால், கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே, மலக்குடல். இந்த இரண்டும் நாள் முழுக்க நிரம்பும், காலியாகும். நடுவில் மாட்டிய ப்ராஸ்டேட் முன்னும் பின்னும், மேலும் கீழும் நகரும். இடது வலமாக நகர்வது மிகக் குறைவு.

மலக்குடலில் வாயு சேர்ந்தால் ப்ராஸ்டேட் முன்பக்கம் தள்ளப்படும். சில சமயம் ஒரு சென்டிமீட்டர் வரைகூட. நோயாளி கல் மாதிரி ஆடாமல் படுத்திருக்கலாம், இடுப்பு எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் இருக்கலாம், ஆனாலும் உள்ளே குறி நகர்ந்திருக்கும்.

இப்போது மிஷின் பக்கம் வருவோம். அதன் பெயர் லீனியர் ஆக்ஸிலரேட்டர், சுருக்கமாக லினாக். எலக்ட்ரான்களை முடுக்கி ஒரு உலோகத் தகட்டில் மோதவிட்டு, அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்ரேயை உருவாக்குகிறது. அந்த எக்ஸ்ரே வெளியே வரும் தலைப்பகுதி நோயாளியைச் சுற்றி வட்டமடிக்கும். எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும் கதிரின் நடு அச்சு விண்வெளியில் ஒரே புள்ளியைக் கடக்கும். அந்தப் புள்ளிக்கு ஐசோசென்டர் என்று பெயர். பல டன் எடையுள்ள ஒரு இயந்திரம் சுற்றும்போது அந்தப் புள்ளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் நிற்கிறது என்றால், நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் எழுந்து நின்று கை தட்ட வேண்டும்.

கதிரின் உருவத்தைச் செதுக்குவது டங்ஸ்டன் தகடுகளின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். பல மிஷின்களில் ஐசோசென்டரில் கணக்கிட்டால் ஒரு தகட்டின் அகலம் 5 மி.மீ. ஆக, மிஷின் சொன்ன இடத்தில் சொன்ன உருவத்தில் சுடும். அந்த இடத்தில் ப்ராஸ்டேட் இருக்கிறதா என்பது மிஷினுக்குத் தெரியாது. கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மைக்கோடு எதற்கு?

சிகிச்சை தொடங்கும் முன் ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அதை வைத்துத்தான் டாக்டர் ப்ராஸ்டேட்டை ஒவ்வொரு ஸ்லைஸிலும் வரைகிறார். மெடிக்கல் பிசிசிஸ்ட் கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று திட்டம் போடுகிறார். அன்று அவர் படுத்திருந்த நிலையை அடையாளம் வைக்க, இடுப்பின் முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் மையாலோ சின்னப் பச்சைப் புள்ளியாலோ குறி வைப்பார்கள். சிகிச்சை அறையில் சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் அந்தக் குறிகளின் மேல் விழும்படி தினமும் அவரைப் படுக்க வைப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். குறி இருப்பது தோலில். தோல் இழுபடும், எடை குறைந்தால் சுருங்கும். எலும்போடு ஒப்பிட்டால் தோல் நகர்கிறது, எலும்போடு ஒப்பிட்டால் ப்ராஸ்டேட்டும் நகர்கிறது. தோலைப் பார்த்து ப்ராஸ்டேட்டைக் குறி வைப்பது, ஹாஸ்டல் ரூமில் போர்வையைப் பார்த்து உள்ளே தூங்குபவன் தலை எந்தப் பக்கம் என்று சொல்வது மாதிரி. பல நேரம் சரியாக இருக்கும். எல்லா நேரமும் இருக்காது.

பெரியப்பாவின் மைக்கோடு அழிந்தது பிரச்சினையே இல்லை. அதை மறுபடி வரைந்துவிடலாம். ஸ்கேனில் தெரிந்தது வேறு.

ஒரு சென்டிமீட்டர் மார்ஜினின் விலை

குறி நகரும் என்று தெரிந்தால் இன்ஜினியர் என்ன செய்வார்? டாலரன்ஸ் விடுவார். இங்கேயும் அதேதான். கேன்சர் இருக்கும், இருக்கக்கூடிய பகுதியை சி.டி.வி. என்கிறார்கள். நகர்வுக்கும் பிழைக்கும் இடம் விட்டு அதைச் சுற்றி ஒரு ஓரம் சேர்த்தால் அது பி.டி.வி. இந்த வரையறைகளை 1993-ல் ஐ.சி.ஆர்.யூ. என்ற சர்வதேச அமைப்பு தன் 50-ஆவது அறிக்கையில் கொடுத்தது. கதிர் பி.டி.வி. முழுக்கப் போகும். அதற்குள் ப்ராஸ்டேட் எங்கே நகர்ந்தாலும் அடிபடும்.

அப்படியென்றால் ஓரத்தைத் தாராளமாக விட்டுவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போடலாம் வாங்க. ப்ராஸ்டேட்டை 4 செ.மீ. விட்டமுள்ள கோளமாக வைத்துக்கொள்வோம். கன அளவு சுமார் 33.5 கன செ.மீ. சுற்றிலும் 1 செ.மீ. ஓரம் விட்டால் விட்டம் 6 செ.மீ., கன அளவு 113. அதாவது 80 கன செ.மீ. நல்ல திசுவும் சேர்ந்து முழு டோஸை வாங்குகிறது. ஓரத்தை 5 மி.மீ. ஆக்கினால் மொத்தம் 65, நல்ல திசு 32 தான். 3 மி.மீ. என்றால் நல்ல திசு 17 அல்லது 18. ஆரம் மும்மடிப் பெருக்கமாக வேலை செய்வதால், சின்ன ஓரமும் பெரிய விலை வைக்கிறது.

அந்த நல்ல திசு வேறு எதுவும் இல்லை, மலக்குடலின் முன்சுவரும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும்தான். அதிக டோஸ் வாங்கினால் மலத்தில் ரத்தம், அடக்க முடியாத அவசரம், சிறுநீர் எரிச்சல். சிலருக்கு இது மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். ஓரத்தை அதிகம் வைத்தால் பக்கவிளைவு, குறைத்தால் கேன்சரின் ஒரு ஓரம் தப்பித்துவிடும் அபாயம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மில்லிமீட்டர் சண்டை.

வெர்னியரின் ஜீரோ எரர்

மெட்ராலஜி லேபில் வெர்னியர் காலிப்பர் கொடுத்ததும் முதலில் என்ன பார்க்கச் சொன்னார்கள்? ஜீரோ எரர். காலிப்பரை மூடினாலே 0.2 மி.மீ. காட்டினால், நூறு தடவை அளந்து சராசரி எடுத்தாலும் அந்த 0.2 போகாது. அது சிஸ்டமேட்டிக் பிழை. ஒவ்வொரு தடவையும் கை நடுங்கி ரீடிங் கொஞ்சம் இப்படியும் அப்படியும் வருவது ரேண்டம் பிழை. அது சராசரியில் அடங்கிவிடும்.

ரேடியேஷனிலும் இதே இரண்டுதான். தினமும் படுக்க வைக்கும்போது அங்கே இங்கே 2, 3 மி.மீ. தள்ளிப்போவது ரேண்டம். டோஸின் விளிம்பு கொஞ்சம் மங்கலாகும், அவ்வளவுதான். ஆனால் பிளானிங் சி.டி. எடுத்த அன்று மட்டும் மலக்குடல் வாயுவால் உப்பியிருந்தது என்று வையுங்கள். அன்று ப்ராஸ்டேட் முன்னால் தள்ளப்பட்டிருந்தது. திட்டம் முழுக்க அந்த நிலைக்குப் போட்டாகிவிட்டது. பிறகு வரும் நாட்களில் குடல் சாதாரணமாக இருக்கும், ப்ராஸ்டேட் பின்னால் தன் இடத்துக்குப் போய்விடும். கதிர் தினமும் முன்னாலேயே விழும். பின்னோரம் தினமும் குறைவாக வாங்கும். ஜீரோ எரர்!

இது வெறும் தியரி இல்லை. அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் சென்டரில், தினசரி படம் பார்த்துச் சரிசெய்யாமல் 78 கிரே டோஸ் கொடுக்கப்பட்ட 127 பேரை ஆராய்ந்து 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிளானிங் சி.டி. எடுத்த நாளில் மலக்குடல் உப்பியிருந்தவர்களுக்கு, பின்னாளில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவு ஏறி நோய் திரும்பும் அபாயம் அதிகமாக இருந்தது. ஒரே ஒரு நாளின் வயிற்று நிலை பல வருஷம் கழித்து வரும் முடிவோடு சம்பந்தப்பட்டிருந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இந்த இரண்டு பிழைகளையும் ஒரு சூத்திரத்தில் அடக்கியவர் நெதர்லாந்தின் மார்செல் வான் ஹெர்க். அவரும் சகாக்களும் 2000-ல் வெளியிட்டது இது:

ஓரம் = 2.5 × சிஸ்டமேட்டிக் + 0.7 × ரேண்டம்

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஜீரோ எரர் இருக்கும் இல்லையா? அது நோயாளிக்கு நோயாளி எவ்வளவு சிதறுகிறது என்பதன் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் முதல் எண். ஒரே நோயாளிக்கு நாளுக்கு நாள் வரும் சிதறல் இரண்டாவது எண். இந்த அளவு ஓரம் விட்டால் 90 சதவீத நோயாளிகளுக்கு சி.டி.வி. முழுவதும் குறைந்தது 95 சதவீத டோஸ் கிடைக்கும் என்பது கணக்கு.

இரண்டும் 3 மி.மீ. என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 7.5 + 2.1, அதாவது 9.6 மி.மீ. கஷ்டப்பட்டு ரேண்டமைப் பாதியாக்கினால் 8.55. அதே கஷ்டத்தில் சிஸ்டமேட்டிக்கைப் பாதியாக்கினால் 5.85! எந்தப் பிழையை முதலில் துரத்த வேண்டும் என்று இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. தினமும் படம் எடுக்க வசதி இல்லாத காலத்துக்கு இதிலிருந்தே ஒரு வழியும் கிடைத்தது. முதல் சில நாட்கள் மட்டும் படம் எடுத்து, சராசரி விலகலைக் கண்டுபிடித்து, மீதி நாட்களுக்கு அதைக் கழித்துவிடுவது. வெர்னியரில் கரெக்ஷன் போடுகிறோமே, அதே வேலை.

கார் கம்பெனி கொடுத்த கணக்கு

படம் பார்த்துச் சரிசெய்யும் சிகிச்சையின் பெயர் இமேஜ் கைடட் ரேடியோதெரபி. ஆரம்பத்தில் சிகிச்சைக் கதிரையே வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த ஆற்றலில் எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசம் குறைவு. எலும்பே மங்கலாகத்தான் தெரியும், ப்ராஸ்டேட் தெரியவே தெரியாது. அதனால் இடுப்பு எலும்பை ஒப்பிட்டுச் சரிசெய்தார்கள். நோயாளி கோணலாகப் படுத்திருந்தால் இது கண்டுபிடிக்கும். எலும்புக்குள் ப்ராஸ்டேட் நகர்ந்திருந்தால் கண்டுபிடிக்காது.

ஒரு வழி, தங்கம். ஒரு மி.மீ. தடிமனும் சில மி.மீ. நீளமும் உள்ள தங்கத் துணுக்குகளை, வழக்கமாக மூன்று, ப்ராஸ்டேட்டுக்குள் ஊசியால் வைத்துவிடுவார்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். ப்ராஸ்டேட் நகர்ந்தால் கூடவே நகரும். மூன்று புள்ளி இருந்தால் நகர்வு மட்டுமில்லை, சுழற்சியும் தெரியும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வழி, கோன் பீம் சி.டி. லினாக்கின் பக்கவாட்டில், சிகிச்சைக் கதிருக்குச் செங்குத்தாக, ஒரு சாதாரண எக்ஸ்ரே குழாயும் எதிரே ஒரு ஃபிளாட் பேனலும் பொருத்துவார்கள். நோயாளி மேஜையில் படுத்தபடியே இருக்க, இது ஒரு சுற்று வந்து சில நூறு படங்கள் எடுக்கும். கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். அவற்றைச் சேர்த்து முப்பரிமாணப் படம். டேவிட் ஜாஃப்ரேயும் சகாக்களும் அமெரிக்காவின் மிச்சிகனில் இதை லினாக்கில் செய்துகாட்டி 2002-ல் வெளியிட்டார்கள்.

எனக்குப் பிடித்த தகவல் இனிமேல்தான். கூம்பு வடிவக் கதிரின் நிழல்களிலிருந்து முப்பரிமாணப் படத்தைக் கட்டும் புகழ்பெற்ற அல்காரிதம் 1984-ல் வந்தது. ஃபெல்ட்கேம்ப், டேவிஸ், க்ரெஸ் என்ற மூன்று பேர். அவர்கள் வேலை பார்த்தது ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில்! "மெக்கானிக்கல் படிச்சு ஆஸ்பத்திரியில என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எடுத்த படத்தைப் பிளானிங் சி.டி.யின் மேல் பொருத்துவது சாஃப்ட்வேர். இவ்வளவு மேலே, இவ்வளவு பின்னால் என்று எண் வரும். டெக்னாலஜிஸ்ட் அதைக் கண்ணால் சரிபார்த்து, வெளியே கன்சோலிலிருந்தே மேஜையை நகர்த்துவார். சில மேஜைகள் சாய்வையும் சேர்த்து ஆறு விதமாகவும் நகரும்.

அப்போ எவ்வளவு துல்லியம்?

நேரான பதில் சொல்லும் முன் பிழைகளை வரிசைப்படுத்துவோம். ஒன்று, படம் எடுக்கும் கருவியின் மையமும் சிகிச்சைக் கதிரின் மையமும் ஒன்றுதானா? ஃபிளாட் பேனலைத் தாங்கும் கை சுற்றும்போது புவியீர்ப்பால் கொஞ்சம் தொங்கும். அந்தத் தொய்வை அளந்து திருத்தம் போட வேண்டும். ஒரு சின்ன உலோகக் குண்டை ஐசோசென்டரில் வைத்து, பல கோணங்களில் படம் எடுத்து, நிழல் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். இதன் மூலவடிவம் 1988-ல் வெளியான வின்ஸ்டன்-லுட்ஸ் டெஸ்ட். இரண்டு, படத்தைப் பொருத்துவதில் வரும் பிழை. கோன் பீம் படத்தில் ப்ராஸ்டேட்டின் விளிம்பு அவ்வளவு தெளிவாக இருக்காது, குடலில் வாயு ஓடினால் படத்தில் கீற்றுகள் விழும். மூன்று, மேஜை நகர்வின் பிழை. நான்கு, படம் எடுத்த பிறகு கதிர் விழுந்து முடியும் வரை உள்ளே நடக்கும் நகர்வு.

இவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கணக்குப் புரிவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். மையம் 0.5, பொருத்துதல் 1, மேஜை 0.5, உள் நகர்வு 2, எல்லாம் மி.மீ. மொத்தம் 2.35. இப்போது கோடிக்கணக்கில் செலவழித்து மையத்தையும் மேஜையையும் 0.1 ஆக்கிவிட்டோம். மொத்தம் 2.24. அவ்வளவுதான் குறைந்தது! அதை விட்டுவிட்டு உள் நகர்வை மட்டும் 2-லிருந்து 1 ஆக்கினால் மொத்தம் 1.58.

இதை ஒரு நோட்டில் போட்டுப் பார்த்த ராத்திரிதான் பெரியப்பா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. மிஷின் ஏற்கெனவே போதுமான அளவு துல்லியம். மிச்சமிருக்கும் பெரிய பிழை நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதைக் குறைக்கும் கருவி ஒரு பாட்டில் தண்ணீரும் காலையில் ஒழுங்காகப் போகும் மலமும்.

மலக்குடல் காலியாக இருந்தால் ப்ராஸ்டேட் நகர்வதற்கான காரணமே குறையும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரிலிருந்து தப்பிக்கும், பையின் மேல்பகுதியும் விலகிப்போகும். முக்கியமாக, பிளானிங் சி.டி. அன்று எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே தினமும் இருக்க வேண்டும். "மேஜையை நகர்த்திச் சரிபண்ணிக்கலாமே" என்று நானும் கேட்டேன். ப்ராஸ்டேட்டை மேஜையால் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் சிறுநீர்ப்பை காலியாக இருந்தால் அதன் உருவமே வேறு. உருவம் மாறினதை எந்த மேஜையாலும் சரிசெய்ய முடியாது.

நாள் குறையக் குறைய

முன்பெல்லாம் இந்தச் சிகிச்சை ஏழு, எட்டு வாரம். பிரிட்டனில் 3,216 ஆண்களை வைத்து நடந்த சிப் என்ற ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. 37 நாளில் 74 கிரே கொடுப்பதற்குப் பதில் 20 நாளில் 60 கிரே கொடுத்தாலும் பலன் குறையவில்லை. பெரியப்பாவின் 20 நாளுக்குப் பின்னால் இருப்பது அதுதான். இப்போது 5 நாளிலேயே முடிக்கும் முறையும் வந்துவிட்டது.

பஸ் செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் நம்ம ரேண்டம் பிழையை நினைத்துப் பாருங்கள். தினசரிச் சிதறல் 3 மி.மீ. என்றால் 37 நாள் சராசரியில் மிச்சம் நிற்பது 3-ஐ 37-ன் வர்க்கமூலத்தால் வகுத்தது, சுமார் 0.5 மி.மீ. 5 நாளில் அது 1.3 மி.மீ. சராசரிக்கு நாள் போதாமல், ரேண்டமாக இருந்தது சிஸ்டமேட்டிக்காக மாறிவிடுகிறது. அதனால் நாள் குறையும்போது ஒவ்வொரு நாளும் படம் பார்ப்பது கட்டாயமாகிறது.

சிகிச்சை நடக்கும்போதே பார்க்கவும் வழிகள் உண்டு. கேலிப்ஸோ என்ற முறையில் உள்ளே வைத்த சின்ன மின்காந்தக் கருவிகள் தங்கள் இடத்தை நொடிக்குப் பத்து முறை சொல்லும். எம்.ஆர்.ஐ.யையும் லினாக்கையும் ஒன்றாகக் கட்டிய மிஷின்களில் ப்ராஸ்டேட்டை நேரடியாகவே பார்க்கலாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் யூ.சி.எல்.ஏ.வில் நடந்த மிராஜ் என்ற ஆய்வில், 5 நாள் சிகிச்சையை ஒரு பிரிவினருக்கு சி.டி. பார்த்து 4 மி.மீ. ஓரத்தோடும், இன்னொரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து 2 மி.மீ. ஓரத்தோடும் கொடுத்தார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, முதல் மூன்று மாதத்தில் மருந்து தேவைப்படும் அளவுக்குச் சிறுநீர்த் தொந்தரவு வந்தவர்கள் சி.டி. பிரிவில் 43.4 சதவீதம், எம்.ஆர்.ஐ. பிரிவில் 24.4 சதவீதம். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், மக்களே.

எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும்.

படம் பார்க்கிறோம் என்ற தைரியத்தில் ஓரத்தை அளவுக்கு மீறிக் குறைக்கக் கூடாது. டாக்டர் வரைந்த கோடே ஒன்றிரண்டு மி.மீ. தள்ளியிருக்கலாம். அந்தப் பிழையை எந்த கோன் பீமும் காட்டாது. தப்பான இடத்தை மிகத் துல்லியமாக அடிப்போம்.

அடுத்தது, இடுப்பு நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கதிர் கொடுக்கும்போது வரும் சிக்கல். முடிச்சுகள் கிட்டத்தட்ட எலும்போடு நிற்கும், ப்ராஸ்டேட் நகரும். மேஜையை ப்ராஸ்டேட்டுக்காக நகர்த்தினால் முடிச்சுகள் இடம் மாறும். இருப்பது ஒரு மேஜைதான்.

கடைசியாக, பிரான்சில் 470 பேரை வைத்து, வாராவாரம் படம் பார்ப்பதையும் தினமும் பார்ப்பதையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. தினமும் பார்த்தவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறுவதும் குடல் பக்கவிளைவும் குறைந்தன. ஆனால் எதிர்பாராமல், மொத்த உயிர்வாழ்வு அந்தப் பிரிவில் குறைவாக இருந்தது. ஒவ்வொரு ஸ்கேனும் கொஞ்சம் கதிர் சேர்க்கிறது என்பதும் உண்மை. சிகிச்சை டோஸோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது, இருந்தாலும் பூஜ்யம் இல்லை. அந்த ஒரு முடிவை வைத்து தினசரிப் படத்தை யாரும் கைவிட்டுவிடவில்லை. நல்ல இன்ஜினியரிங் என்றால் கிராஃபில் ஒத்துவராத புள்ளியையும் காட்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

மறுபடியும் பெரியப்பா

அடுத்த நாள் பஸ்ஸில் ஒரு பேப்பரில் மூன்று உருண்டை வரைந்து அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலைல தண்ணி குடிக்கறதையே விட்டுட்டேன் கண்ணு. ஒன்றரை மணி நேரம் பஸ்ல அடக்கிட்டு உக்கார முடியல. மலச்சிக்கல் வேற ஒரு வாரமா. பொம்பளப் புள்ளைகள் வேல பாக்கற எடத்துல இதையெல்லாம் போயி எப்படிச் சொல்றது?"

மிஷினின் எல்லாப் பிழைகளையும் கூட்டினாலும் இதற்கு இணையாகாது. அவர் வெட்கப்பட்டு மறைத்த ஒரு வாரம், சூத்திரத்தில் ஒரு எண். கூடவே போய் வந்துகொண்டிருந்த நானும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அன்று டெக்னாலஜிஸ்ட் அக்காவிடம் நானே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். டாக்டர் மலச்சிக்கலுக்கு மருந்து எழுதினார். நேரத்தைக் காலை பதினொன்றுக்கு மாற்றினார்கள். வந்து இறங்கியதும் பாத்ரூம் போய்விட்டு, பிளானிங் சி.டி. அன்று குடித்த அதே அரை லிட்டரைக் குடித்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போவார். மிச்ச நாட்களில் ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பவில்லை.

உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ இந்தச் சிகிச்சைக்குப் போனால், பக்கத்தில் உட்கார்ந்து இதை மட்டும் கேளுங்கள். எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு என்று ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? மருத்துவமனைக்கு மருத்துவமனை அது மாறும், அவர்கள் சொன்னதுதான் கணக்கு. அதை அவரால் செய்ய முடிகிறதா? முடியவில்லை என்றால் அங்கே சொல்லிவிட்டாரா? மேஜையிலிருந்து இறங்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம். அன்று அந்த ஸ்கேன் தன் வேலையைச் செய்திருக்கிறது.

பெரியப்பாவுக்கு 20 நாளும் முடிந்துவிட்டது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ. பார்க்கிறார். போன வாரம் போன் பண்ணியபோது, "அந்த மூணு உருண்டைப் பேப்பரை வச்சிருக்கியா? பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் இதே வியாதியாம், காட்டணும்" என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.